மீண்டும் வந்த பழக்கம்: பிழை யாருடையது?

சில மாதங்களுக்கு முன், அச்சுக்குப் போகவேண்டிய பிரதிகளைத் திருத்திக்கொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில், தாய் ஒருவர் வந்து காரியாலய வாசலில் நின்றார். கணவருக்குக் கிண்ணியாவில் உத்தியோகம். குடும்பம் அங்கேயே ஒரு வாடகை வீட்டில் இருக்கிறது. ஒன்பது வயதில் ஒரு மகன். அவனுக்குப் பேச்சு வரவில்லை. கோபம் வந்தால் கையில் அகப்பட்டதை வீசுவான். கோப்பை, பீங்கான், வானொலிப் பெட்டி, எதுவும் தப்பாது. வீசுவதற்கு ஒன்றுமில்லையென்றால் தன் கையையே கடிப்பான். கையின் மேற்புறத்தில் தோல் தடித்துத் தழும்பேறிப் போயிருக்கிறதாம்.

ஒன்றரை வருடமாக அவனைத் திருகோணமலைப் பட்டினத்துக்குக் கூட்டிச் சென்று பயிற்சி கொடுப்பித்தார்கள். மருந்தல்ல, பயிற்சி. தண்ணீர் வேண்டுமானால் குவளை வரைந்த அட்டையை எடுத்து நீட்ட வேண்டும். சத்தமும் சந்தடியும் தாங்க முடியவில்லையானால் கதிரை வரைந்த அட்டை. அதாவது, என்னைக் கொஞ்சம் தனியே இருக்க விடுங்கள் என்பது பொருள். வீசினால் கேட்டது கிடையாது; அட்டையை நீட்டினால் உடனே கிடைக்கும். தொடக்கத்தில் வீசுவது முன்னையிலும் கூடிற்று. பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது. ஆறு மாத காலம் அந்த வீட்டில் ஒரு கோப்பைகூட உடையவில்லை. வெளியிலே விற்கும் கண்ணாடிக் குவளைகளை வாங்கி வைக்கும் அளவுக்குத் தைரியம் வந்துவிட்டது என்று சொல்லும்போது அந்தத் தாய் சிரித்தார்.

பின்னர் மாமியார் காலமானார். வீடு நிறைய ஆட்கள். முப்பத்தோராம் நாள் வரை வருவோரும் போவோரும். அட்டைகள் யாரோ சுருட்டி வைத்த பாய்க்குள் போய்விட்டன. பையன் ஒவ்வொருவரிடமும் வெறுங்கையை நீட்டியிருக்கிறான், ஒருவருக்கும் விளங்கவில்லை. மூன்றாம் நாள் அலுமாரிக் கண்ணாடி நொறுங்கியது. அதன்பின் எல்லாம் பழையபடி.

செலவழித்த காசும் காலமும் கடலில் கரைத்த பெருங்காயம் என்றார் ஒருவர். செல்லம் கொடுத்துக் கெடுத்தவளே நீதான் என்றார் இன்னொருவர். பையனில் ஏதோ பிடித்திருக்கிறது, நூல் கட்டுவி என்று ஆலோசனை சொன்னவரும் உண்டு. கணவர் இடுப்புப் பட்டியைக் கழற்றினார்.

"சுவாமி, பிழை என்னிலயா, பிள்ளையிலயா? அதை மட்டும் சொல்லுங்கோ" என்று அந்தத் தாய் கேட்டார்.

நான் சொன்ன பதிலை எழுத வெட்கமாயிருக்கிறது. பொறுமையாயிருங்கள், செபியுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவரிடமுள்ள பொறுமையிற் பத்தில் ஒரு பங்குகூட என்னிடமில்லை என்பது அவர் படியிறங்கும்போதுதான் உறைத்தது. அவர் கேட்டது ஓர் ஒழுக்கவியற் கேள்வி. நான் கொடுத்தது வெறும் ஆறுதல் வார்த்தை. அந்தக் கடனைத் தீர்க்கவே சில நூல்களைத் தேடிப் படித்தேன், அறிந்தவர்களிடம் கேட்டேன். இக்கட்டுரை அதன் பயன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஓய்ந்துபோன பழக்கம் திரும்பி வருவது இந்தப் பிள்ளைக்கு மட்டும் நேர்ந்த விபரீதமன்று. ருஷ்ய விஞ்ஞானி இவான் பவ்லோவ் இதை நாய்களிடத்திற் கண்டார். (அவர் ஓர்தொடொக்ஸ் சபைக் குருவானவர் ஒருவரின் மகன், றியசான் நகரத்துக் குருமடத்திற் படித்துக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு விஞ்ஞானத்துக்குப் போனார். குருமடத்தை விட்டுப்போன எல்லோராலும் உலகுக்கு இத்தனை பயன் விளைந்ததில்லை!) ஓர் ஓசை கேட்டால் உணவு வரும் என்று பழகிய நாய்க்கு, ஓசை கேட்டவுடனே வாயூறும். பிறகு ஓசை மட்டும் எழுப்பி உணவு கொடுக்காமல் விட்டார். சில தடவைகளில் வாயூறுவது நின்றது. பழக்கம் செத்துவிட்டது என்றே எவரும் சொல்வர். ஆனால் சற்று நேரம் விட்டு மறுபடி அதே ஓசையை எழுப்பியபோது, ஒருவரும் புதிதாகப் பழக்காமலே வாயூறிற்று. செத்துவிட்டது என்று நினைத்தது உறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

இதையே அமெரிக்காவின் வேர்மொண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் பூட்டன் என்பவர் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். ஓரிடத்திற் படிந்த பழக்கத்தை வேறோர் இடத்தில் வைத்து ஓயச்செய்து, பின் பழைய இடத்துக்கே கொண்டுபோனால் அது மறுபடி உயிர்பெறுகிறது என்று அவரது ஆராய்ச்சிகள் காட்டின. நாம் மறத்தல் என்று சொல்வது உண்மையில் அழித்தெழுதுவதன்று. பழைய எழுத்தின் பக்கத்திலே புதிய எழுத்தை எழுதுவது. அதிலும் ஒரு வேறுபாடு. பழையது போகுமிடமெல்லாம் கூடவரும். புதியதோ, கற்ற இடத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கப் பார்க்கும்.

கிண்ணியா மக்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டு 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்படும்வரை, ‘பாதை’ என்று நாம் அழைத்த படகிலேதான் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வந்தோம். இன்று பஸ்ஸில் ஏறினால் ஒரு கண்ணயர்வுக்குள் பட்டினம் வந்துவிடும். ஆனால் பட்டினத்திலுள்ள அமைதியான அறையில், அவனை நன்கு அறிந்த ஒருவரோடு, ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் உள்ள இடத்திற் கற்ற பழக்கம், அதே பஸ்ஸில் ஏறிப் பாலத்தைக் கடந்து வீட்டுக்கு வந்து சேரும் என்று யார் உத்தரவாதம் தந்தது? கிளினிக்கில் நல்ல பிள்ளை, வீட்டில் மட்டும் ஏன் இப்படி என்று எத்தனை தாய்மார் கேட்கிறார்கள். கேட்கும்போதே, வீட்டிலிருக்கும் நானல்லவா குற்றவாளி என்ற நினைவும் உள்ளே குத்துகிறது.

1977ஆம் ஆண்டு ஸ்டோக்ஸ், பேயர் என்ற இரு ஆய்வாளர்கள் இவ்வகைச் சிகிச்சைகளைப் பற்றிய ஏராளமான அறிக்கைகளைத் தொகுத்துப் பார்த்தனர். அவற்றிற் பல, பிள்ளையைப் பழக்கிவிட்டு, மற்ற இடங்களிலும் அது நிலைக்கும் என்று நம்பியிருந்தனவேயன்றி, நிலைக்க வைக்க ஒன்றும் செய்யவில்லை எனக் கண்டனர். நிலைப்பது தானாக வருவதன்று. அதற்கும் தனியே திட்டமிட வேண்டும் என்பது அவர்களது முடிவு. அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது. இன்றும் நாம் நம்பியிருப்பதிலேயே நிற்கிறோம். விதைத்துவிட்டு வரம்புப் பக்கமே போகாத கமக்காரனை என்ன சொல்வோம்?

இனி, அந்த மூன்றாம் நாளுக்கு வருவோம். அலுமாரிக் கண்ணாடி ஏன் உடைந்தது?

1985ஆம் ஆண்டு எட்வேர்ட் கார், மார்க் டுராண்ட் என்போர் வளர்ச்சிக் குறைபாடுடைய நான்கு பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டனர். இப்பிள்ளைகள் அடிப்பதும் உதைப்பதும் பொருள்களைப் பாழாக்குவதும் ஏன் என்று முதலிற் பார்த்தனர். சிலர் பாடம் கடினமானபோது அப்படிச் செய்தனர். சிலர் பெரியவர்களின் கவனம் தம்மை விட்டு நீங்கியபோது. ஆகவே முதலாமவருக்கு உதவி கேட்கவும், மற்றவருக்கு, தான் செய்வது சரிதானா என்று கேட்டுக் கவனத்தைப் பெறவும் சொற்களைக் கற்றுக்கொடுத்தனர். உரிய சொல் வந்ததும் குழப்பம் அடங்கிற்று. அதாவது, உடைப்பதும் ஒரு பேச்சுத்தான். வேறு பேச்சு இல்லாதவனின் பேச்சு. நமது பையனுக்குக் கொடுத்த அட்டைகள் இந்த வழியில் வந்தவையே.

ஆனால் சொல்லைக் கொடுத்தால் மட்டும் போதாது, அதைக் கேட்க ஆளும் வேண்டும். 1970களிலும் 1980களிலும் புறாக்களையும் எலிகளையும் வைத்துச் செய்த சோதனைகளில் ஒரு விடயம் புலப்பட்டது. ஓரிடத்திற் கொத்தினால் தானியம் கிடைக்கும் என்று புறா பழகுகிறது. பிறகு அங்கே ஒன்றும் கிடைப்பதில்லை, வேறோரிடத்திற் கிடைக்கிறது. புறா புதிய இடத்துக்கு மாறிவிடுகிறது. பின்னர் புதிய இடத்திலும் தானியத்தை நிறுத்தினால் என்ன செய்யும்? பழைய இடத்துக்கே போய்க் கொத்தும், அங்கே தானியம் இல்லையென்றாலும். ரொபேர்ட் எப்ஸ்டைன் என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு பெயரும் இட்டார். மீளெழுச்சி என்று நாம் சொல்லலாம். பிள்ளைகளிடத்திலும் இது நிகழ்வதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

செத்த வீட்டில் நடந்தது இதுதான். அட்டை இல்லை, கை நீட்டினான், விளங்கவில்லை. இரண்டு நாள் நீட்டிப் பார்த்தான். புதிய சொல் செத்துப்போயிற்று. மூன்றாம் நாள் அவனுக்குத் தெரிந்த பழைய சொல்லைச் சொன்னான். உடைந்த கண்ணாடிக்குக் காது கொடுக்காதவர் எவருமில்லை. இருபது பேர் ஓடி வந்தனர். தாய் தண்ணீர் கொண்டு வந்தார். அவன் நன்றிகெட்டவனுமல்லன், கற்றதை மறந்த மடையனுமல்லன். அவன் நிலையில் அதைவிட நியாயமான ஒன்றைச் செய்திருக்க முடியுமா என்று எண்ணிப் பார்க்கிறேன், எனக்குத் தோன்றவில்லை.

இங்கே குருமடத்திற் படித்த ஒரு பாடம் நினைவுக்கு வருகிறது. புனித தோமாஸ் அக்குவினாஸ் தமது இறையியற் சுருக்கத்தின் மூன்றாம் பாகத்தில், 86ஆம் வினாவில், பாவம் மன்னிக்கப்பட்டதும் அதன் எச்சங்களும் நீங்கிவிடுகின்றனவா என்று கேட்கிறார். குற்றம் நீங்கும், ஆனால் முன்செய்த செயல்களால் உண்டான சாய்வுகள் சில எஞ்சியிருக்கக் கூடும், அவை பலங்குன்றி, மனிதனை ஆளாதவாறு இருக்கும் என்கிறார். அதற்கு அவர் காட்டும் உதாரணம் அழகானது. பெத்சாயிதாக் குருடனுக்கு ஆண்டவர் ஒரேயடியாகப் பார்வை கொடுக்கவில்லை. முதலில் அவனுக்கு மனிதர் மரங்களைப் போலத் தோன்றினர். ஆண்டவர் மறுபடியும் கைவைத்த பின்னரே தெளிவாகக் கண்டான். ஆண்டவரே இரண்டாம் முறை கைவைக்கவேண்டி வந்தது என்றால், இரண்டாம் முறை பயிற்சிக்குப் போவது நமக்கு ஏன் அவமானம்?

ஒரு எச்சரிக்கை. இந்த ஒப்புமையை மிகைப்படுத்தக் கூடாது. பாவம் என்பது அறிந்து, விரும்பிச் செய்வது. பேச்சில்லாத ஒன்பது வயதுப் பையன் தாகத்துக்கு வழி தெரியாமல் கண்ணாடியை உடைப்பது பாவமன்று. அதைப் பாவம் என்று அவன் தலையில் ஏற்றுவதற்கு எந்த ஒழுக்கவியலிலும் இடமில்லை. பேயென்று சொல்வதற்கு அதனிலும் இடமில்லை. நூல் கட்டச் சொன்னவர் கத்தோலிக்கர் என்று கேள்விப்பட்டேன். அவரும் இதை வாசிப்பார் என நம்புகிறேன்.

சரி, பிள்ளையில் பிழையில்லை. அப்படியானால் தாயில்தானே என்று தர்க்கம் உடனே திரும்பும். இந்தத் திருப்பத்தில்தான் நாம் பெரும்பாலும் வழுக்குகிறோம். ஒரு காரியம் என்னால் தடுத்திருக்கக்கூடியது என்பதும், அது என் குற்றம் என்பதும் ஒன்றல்ல. மாமியாரின் பூதவுடல் கூடத்திலே கிடக்க, அடுப்படியில் நாற்பது பேருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் அட்டை எங்கே என்று தேடவில்லை. இதற்குக் குற்றம் என்று பெயரிடுபவர் ஒருநாள் அந்த அடுப்படியில் நின்று பார்க்கட்டும். ஆனால் குற்றமில்லை என்று சொல்லிவிட்டால் கடமையும் இல்லை என்று ஆகிவிடாது. நேற்று நடந்ததற்குப் பொறுப்பாளி யார் என்று தேடுவது ஒரு வினா. நாளைக்கு அட்டையைக் கேட்க யார் யார் அங்கே இருக்க வேண்டும் என்பது வேறு வினா. முதலாவதைக் கேட்பதில் நமக்கு ஆசை அதிகம். ஏனெனில் அதற்கு ஒரு விரலைச் சுட்டினாற் போதும். இரண்டாவதற்கு முழுக் கையையும் கொடுக்க வேண்டும்.

அந்தக் கை யாருடையது? தாயுடையது மட்டுமா? செத்த வீட்டுக்கு வந்த இருபது பேரில் பத்துப் பேருக்காவது அந்தக் கதிரை அட்டையின் பொருள் தெரிந்திருந்தால் கண்ணாடி உடைந்திராது. பிள்ளைக்குப் பயிற்சி கொடுத்தாயிற்று. சுற்றியிருப்பவருக்கு யார் கொடுத்தார்?

இதை முன்பே உணர்ந்த இடங்கள் உண்டு. பஞ்சாபின் அம்ரித்சரில் டாக்டர் வித்யா சாகர் 1950களில், மனநோயாளரின் குடும்பத்தாரை வைத்தியசாலை வளவிலேயே கூடாரங்களில் தங்கவைத்தார். அதே காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் புளோரன்ஸ் நிக்கொல்ஸ் மனநலப் பிரிவைத் தொடங்கியபோது அங்கும் குடும்பத்தார் கூடவே தங்கினர். பாகாயத்திலுள்ள அந்நிலையத்தின் பிள்ளைகள் பிரிவிலும் பெற்றார் பிள்ளையோடு தங்கியிருந்து பழகிச் செல்லும் வழக்கம் உண்டு. பிள்ளையைத் திருத்தி அனுப்புவதைவிட, பெற்றாரைப் பயிற்றி அனுப்புவதே நிலைக்கும் என்பது அதன் தத்துவம். புத்திவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் பெற்றாரை இரு பகுதியாகப் பிரித்து அங்கே செய்த ஒரு சோதனை 1999இல் பிரித்தானிய மனநல மருத்துவச் சஞ்சிகையில் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு விரிவுரை. மற்றப் பகுதியினர் குழுவாக அமர்ந்து தமக்குள் பேசி, கேட்டு, அனுபவத்தைப் பகிர்ந்து கற்றனர். பிள்ளையை நடத்துவது பற்றிய மனப்பாங்கில் நல்ல மாற்றம் கண்டவர்கள் பின்னவரே. பிரசங்கம் செய்வதே தொழிலாகக் கொண்ட எனக்கு அந்த முடிவு கொஞ்சம் கசப்பாகவே இருந்தது என்பதை மறைக்கவில்லை.

நம் நாட்டிலும் கொழும்பில் பிள்ளைகள் மனநல மருத்துவ நிபுணர் ஹேமமாலி பெரேராவும் குழுவினரும், ஓட்டிசம் உடைய சிறுவருக்குத் தாய்மார் வீட்டிலேயே கொடுக்கும் பயிற்சியைப் பற்றிய ஆய்வொன்றை 2016இல் வெளியிட்டனர். எல்லாப் பட்டினத்திலும் நிபுணர் இல்லாத நாட்டுக்கு இதுவே தக்க வழி. ஆனால் ‘தாய்மார்’ என்பதை ‘தாய் மாத்திரம்’ என்று நாம் வாசித்துவிடக் கூடாது.

இனி, பழக்கம் திரும்பாமலிருக்க, அல்லது திரும்பினாலும் வேரூன்றாமலிருக்க என்ன செய்வது என்பதை, அறிந்தவர்கள் சொன்னபடி எழுதுகிறேன். நான் வைத்தியனல்லன், எனவே இதை உங்கள் பிள்ளையைப் பார்ப்பவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

திடீரென்று பழைய நடத்தை தலைகாட்டினால், முதலிற் பார்க்க வேண்டியது உடம்பை. பல்லில் வலியா, காதில் சீழா, மலச்சிக்கலா, இரவு நித்திரையில்லையா? பேசத் தெரிந்த பிள்ளை பல் வலிக்கிறது என்று அழும். பேசத் தெரியாதவன் கன்னத்தில் அறைந்துகொள்வான். அதைக் குணக்கேடு என்று தண்டிப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. வலிப்புக்கு மருந்து எடுக்கும் பிள்ளையானால் மருந்து தவறியதா, மாறியதா என்று வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

உடம்பில் ஒன்றுமில்லையானால், புதிய சொல்லுக்கு எங்கே விடை கிடைக்காமல் போயிற்று என்று தேடுங்கள். அநேகமாக அங்கேதான் முடிச்சு இருக்கும். புது ஆசிரியையா? வீட்டுக்கு விருந்தாளியா? அட்டை தொலைந்ததா? 2020, 2021ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்ததையும், 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றதையும் நாம் மறக்கவில்லை. கிளினிக்குக்குப் போக வழியில்லாமல் எத்தனை வீடுகளில் பயிற்சி அறுந்தது! அட்டை ஒரு தொகுதி மட்டும் இருந்தாற் காணாது. வீட்டில் ஒன்று, பாடசாலைப் பையில் ஒன்று, அம்மம்மா வீட்டில் ஒன்று இருக்கட்டும். அட்டை கிடையாத வேளைக்குக் கைச்சைகை ஒன்றையும் பழக்கி வைப்பது நல்லது.

பிறகு, காத்திருக்கப் பழக்குவது. இது மிக முக்கியம். பலரும் விட்டுவிடுவதும் இதையே. பயிற்சியின் தொடக்கத்தில் அட்டையை நீட்டியவுடன் கொடுக்கிறோம், அது சரி. ஆனால் வாழ்நாள் முழுவதும் எவரும் அப்படிக் கொடுக்க முடியாது. தாய் குளிக்கிறார், குழாயில் தண்ணீர் இல்லை, ஆசிரியை முப்பது பிள்ளைகளைப் பார்க்கிறார். உடனே கிடைத்தே பழகிய பிள்ளைக்கு ஐந்து நிமிடத் தாமதமும் ‘இனி இல்லை’ என்பதாகத் தோன்றும். பழைய சொல்லுக்குப் போய்விடுவான். ஆகையால் ஒரு நொடி, மூன்று நொடி, அரை நிமிடம் என்று படிப்படியாக நீட்டவேண்டும். இப்பொழுது இல்லை, ஆனால் வரும் என்பதற்கு ஓர் அடையாளமும் வேண்டும். சிவப்பு அட்டை தொங்கினால் பொறு. பச்சை வந்தால் கேள். பஸ் எப்போது வரும் என்று தெரிந்தால் நாமும் தரிப்பிடத்தில் அமைதியாக இருக்கிறோம். தெரியாவிட்டால் வயது வந்தவர்களே என்ன பாடுபடுத்துகிறோம் என்று சொல்லத் தேவையில்லை.

உடைப்பு நடந்துவிட்டால்? அவனுக்கும் மற்றவர்க்கும் காயம் வராமற் பார்த்துக்கொள்வது முதற் காரியம். பேச்சைக் குறைக்கவும். கூட்டத்தை விலக்கவும். கொஞ்சம் அடங்கியதும், கையைப் பிடித்து அட்டையை எடுப்பித்து, நீட்டச்செய்து, உடனே கொடுக்கவும். கண்ணாடி உடைந்தவுடன் தண்ணீரைக் கொடுத்தால் கண்ணாடிக்குக் கூலி கொடுத்ததாகும். ஒருநாள் கொடுத்து, ஒன்பது நாள் கொடுக்காமல் விடுவது அதனிலும் மோசம். கொட்டியாரக் குடாவில் தூண்டில் போடுபவரைப் பாருங்கள். ஒன்பது நாள் வெறுங்கையோடு வந்தவர் பத்தாம் நாளும் போவது ஏன்? எப்போதாவது ஒருநாள் மீன் அகப்படுவதால். எப்போதாவது பலிக்கும் பழக்கமே எளிதில் விடாது.

பட்டியால் அடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பாடசாலையில் மாணவனை அடிப்பது அரசியலமைப்பு தரும் உரிமையை மீறுவது என்று எமது உயர் நீதிமன்றம் 2021ஆம் ஆண்டு ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. வீட்டுக்கு அந்தத் தீர்ப்பு வந்து சேரவில்லை. சட்டம் ஒருபுறமிருக்க, அடி இங்கே பயன்படாததற்கு வேறு காரணமும் உண்டு. அடிப்பவர் ஓடி வருகிறார், கத்துகிறார், முழுக் கவனத்தையும் கொடுக்கிறார். கவனத்துக்கு ஏங்கிய பிள்ளைக்கு அதுவும் ஒரு விடையே. மேலும் அடி, செய்யாதே என்று மட்டுமே சொல்லும். என்ன செய் என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

நற்செய்தியில் ஒரு வீடு வருகிறது. அசுத்த ஆவி வெளியேறிய வீடு. கூட்டிப் பெருக்கி அலங்கரித்து வைத்திருக்கிறது. ஆனால் வெறுமையாய்க் கிடக்கிறது. போனது, தன்னிலும் கெட்ட ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. பேய் பற்றிய பேச்சு இங்கே வேண்டாம் என்று மேலே சொன்னேன், அதை மாற்றவில்லை. ஆனால் அந்த வெறுமை என்ற ஒரு சொல் என்னை விடவில்லை. வீசுவதை நிறுத்திவிட்டோம் என்று மகிழ்கிறோம். நிறுத்திய இடத்தில் என்ன வைத்தோம்? ஆறு மாதம் கோப்பை உடையாத அந்த வீட்டில், பையன் அமைதியாக இருக்கிறான் என்று எல்லோரும் தம் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டனர் என்று தாயே பிறகு சொன்னார். உடைத்த காலத்தில் அவனைச் சுற்றி எப்போதும் ஆள் இருந்தது. உடைக்காத காலத்தில் ஒருவரும் இல்லை. நல்ல பிள்ளையாக இருப்பதற்கு அவனுக்குக் கிடைத்த சம்பளம் தனிமை.

இந்த விடயத்தில் நம் பங்குகளையும் கேட்க வேண்டியிருக்கிறது. ஞாயிறு பூசையில் ஒரு பிள்ளை கூச்சலிட்டால் எத்தனை தலைகள் திரும்புகின்றன! அடுத்த ஞாயிறு அந்தத் தாய் வேப்பமரத்தடியில் நின்றே பூசை காண்கிறார். அதற்கடுத்த ஞாயிறு வருவதேயில்லை. பயிற்சி நிலைக்கப் பல இடங்களும் பல மனிதரும் வேண்டும் என்று ஆராய்ச்சி சொல்கிறது. பல இடங்களிலும் பல மனிதராலும் அவனைத் துரத்துவது நாம்.

அந்தத் தாயை மறுபடி சந்தித்தேன். இம்முறை நானே பாலத்தைக் கடந்து கிண்ணியாவுக்குப் போயிருந்தேன். அட்டைகளைப் பிரதி எடுத்து, பிளாஸ்டிக் உறையிட்டு நான்கு தொகுதி செய்திருக்கிறார். பட்டினத்துப் பயிற்சியாளர் இரண்டு தடவை வீட்டுக்கே வந்து, கூடத்திலும் அடுப்படியிலும் வைத்துப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறார். பாடசாலை விசேட கல்வி அலகின் ஆசிரியையிடம் ஒரு தொகுதி. வேலிக்கு அடுத்த பக்கத்து உம்மாவிடம் ஒன்று. அட்டையின் பொருளை அயலில் முதலிற் படித்துக்கொண்டவர் அவர்தானாம். பையன் படலையைத் திறந்துகொண்டு போய்க் குவளை அட்டையை நீட்டினால், அவர் தண்ணீரும் கொடுத்து, ஒரு துண்டு தொதலும் கொடுக்கிறார். தொதலுக்கு அட்டை இல்லையே என்றேன். அதுவும் வரைய வேண்டும் என்று தாய் சிரித்தார். உடைப்பது முற்றாக நின்றுவிடவில்லை. அந்த மாதம் இரண்டு தடவை. முன்னைய மாதம் பதினொன்று. ஒரு கொப்பியில் திகதியும் வேளையும் குறித்து வைக்கிறார்.

கணவர் இன்னும் முழுதாக நம்பவில்லை. பட்டியை எடுப்பதில்லை, அட்டையையும் எடுப்பதில்லை. நான் இருந்த அரைமணி நேரத்தில் பையன் அவருடைய முழங்காலருகே வந்து, கதிரை அட்டையை நீட்டிக்கொண்டு நின்றான். என்னுடைய குரல் அவனுக்குச் சத்தமாக இருந்திருக்க வேண்டும். நான் பேச்சை நிறுத்தினேன். அவர் அட்டையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு எழுந்து, அவனை அறைக்குள் கூட்டிக்கொண்டு போய், கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நத்தாருக்கு என்ர ஆக்கள் பன்னிரண்டு பேர் வருகினம், சுவாமி" என்றார் அந்தத் தாய். "வாற எல்லாருக்கும் முன்னுக்கே கடிதம் போட்டு, படத்தையும் வரைஞ்சு அனுப்பப்போறன்."